கடையில் வெளியே இருக்கும் முட்டைக்கு வீட்டில் எதற்கு ஃப்ரிட்ஜ்?

தெருமுனை மளிகைக் கடையில் முட்டை அட்டைகள் வாசலிலேயே அடுக்கியிருக்கும். முப்பது முப்பதாக, இடுப்பு உயரத்துக்கு. பக்கத்தில் வாழைத்தார், எதிரே வெயில். பத்து முட்டை கேட்டால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போடுவார். நாம் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவில் குழிகுழியாக இருக்கும் தட்டில் அவற்றை வரிசையாக வைக்கிறோம். கடையில் இரண்டு நாள் வெளியில் இருந்தது கெடவில்லை, வீட்டில் மட்டும் ஏன் குளிரில் வைக்க வேண்டும்? சின்ன வயதில் அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "ஃப்ரிட்ஜுல அதுக்குன்னு இடம் விட்டிருக்கான்ல, அதுக்குத்தான்" என்றார்.

இப்போது அதே கேள்வி வேறு வழியாக வருகிறது. லண்டனில் இருக்கும் உறவினர், அங்கே கடைகளில் முட்டையை மாவு, சர்க்கரைக்குப் பக்கத்தில் சாதாரண அலமாரியில்தான் வைக்கிறார்கள் என்கிறார். டொராண்டோவில் இருப்பவர், பால் தயிரோடு குளிர்பெட்டியில் இல்லாத முட்டையை அங்கே பார்க்கவே முடியாது என்கிறார். இருவரும் சொல்வது உண்மை. இரண்டுக்குப் பின்னாலும் சட்டமும் ஆராய்ச்சியும் இருக்கின்றன. ஆனால் இரண்டில் எதையும் அப்படியே தூக்கிவந்து மதுரையிலோ சென்னையிலோ ஒரு சமையலறையில் வைத்துவிட முடியாது. "வெள்ளைக்காரனே வெளியில்தான் வைக்கிறான்" என்று சொல்லி மே மாதத்தில் முட்டையை அடுப்பு மேடையில் விட்டுவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முட்டை ஓடு பார்ப்பதற்கு மூடிய சுவர் மாதிரி இருக்கிறது. உண்மையில் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஒரு முட்டைக்கு ஏழாயிரம் முதல் பதினேழாயிரம் வரை இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உள்ளே வளர வேண்டிய குஞ்சு அந்தத் துளைகள் வழியாகத்தான் மூச்சுவிடும். காற்று போகிற வழியில் கிருமியும் போகலாம் என்பதால், கோழி முட்டையிடும் நேரத்திலேயே ஓட்டின் மேல் ஈரமாக ஒரு பூச்சு பூசி அனுப்புகிறது. சில நிமிடங்களில் அது காய்ந்து, துளைகளின் வாயை அடைத்துக்கொள்கிறது. புது முட்டையைக் கையில் எடுத்தால் பளபளப்பு இல்லாமல், மாவு தடவியது போல லேசான சொரசொரப்பு தெரியும். அந்தப் பூச்சுதான் அது.

அந்தப் பூச்சை என்ன செய்வது என்பதில்தான் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிகின்றன.

அமெரிக்காவில் கடைக்கு வரும் முட்டையைக் கழுவுகிறார்கள், டொராண்டோ இருக்கும் கனடாவிலும் அப்படித்தான். எச்சம், இறகு, மண் எல்லாம் போய்விடும், கூடவே பூச்சும் போய்விடும். கழுவுகிற நீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், அதுவும் முட்டையைவிட 11 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. இந்த விதியின் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 41 டிகிரி. முட்டை வெளியே வந்து ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை அப்படி உண்டானதுதான். சூடான முட்டை மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் இதே இழுப்பு மறுபடி நடக்கும். அப்போது உள்ளே போவது காற்று மட்டுமல்ல, ஓட்டின் மேல் கரைந்திருக்கும் அழுக்கு நீரும்தான். வெயிலில் வாங்கிவந்த முட்டையை வந்த கையோடு குழாயடியில் கழுவி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. சுத்தம் என்று நினைத்துச் செய்வது அழுக்கை உள்ளே அனுப்பிவிடக்கூடும் என்பதை அவர்களிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சு போன முட்டைக்குக் காவல் குளிர்தான். அதனால் அமெரிக்காவில் பண்ணையிலிருந்து வீடு வரை அறுபடாத குளிர் வேண்டும். முட்டையிட்ட 36 மணி நேரத்துக்குள் சுமார் 7 டிகிரிக் குளிருக்குள் வந்துவிட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2009-ல் அறிவிக்கப்பட்டு, 2010 ஜூலையில் பெரிய பண்ணைகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அதே கோடையில்தான் அயோவா மாநிலப் பண்ணை முட்டைகளால், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா என்ற கிருமி பரவி, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் நோயுற்றது பதிவானது. 50 கோடிக்கும் அதிகமான முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. கழுவினாலும் குளிரூட்டினாலும் பண்ணையே சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நேர்மாறு. மேசைக்கு வரும் முதல்தர முட்டையை விற்பனைக்கு முன் கழுவக் கூடாது, 5 டிகிரிக்குக் கீழே குளிரூட்டவும் கூடாது என்பது அங்கே சட்டம். பிரிட்டனிலும் இப்படித்தான். சுவீடன் போல முன்பிருந்தே கழுவிவந்த சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. கழுவலாம் என்று தெரிந்தால் கூண்டின் சுத்தத்தில் பண்ணைக்காரர் அக்கறை காட்டமாட்டார், கழுவக் கூடாது என்றால் கோழி இருக்கும் இடத்தையே சுத்தமாக வைக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமும் அங்கே பேசப்படுவதுண்டு. குளிரூட்ட வேண்டாம் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்து வைத்தால் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் கிருமி பெருகி உள்ளே போக வாய்ப்பு உண்டு. இந்தக் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு இது முக்கியம்.

பூச்சு காப்பாற்றுவது வெளியிலிருந்து வரும் கிருமியிடமிருந்துதான். உள்ளேயே இருக்கும் கிருமி வேறு கதை. சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை, கோழியின் சினைப்பைக்குள் குடிபுகுந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடும். கோழி பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். முட்டையில் நிறமோ வாசனையோ மாறாது. 1980-களில் பிரிட்டனில் இந்தக் கிருமியால் நோய்கள் கூடின. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இளநிலை அமைச்சர் எட்வினா கறி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பேசினார். முட்டை விற்பனை விழுந்தது, இரண்டு வாரத்துக்குள் அவர் பதவி விலகினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1998-ல், கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டை மேல் சிங்க முத்திரை குத்தி விற்கும் திட்டம் அங்கே வந்தது. அதன் பின் நோய் வெகுவாகக் குறைந்தது. 2017-ல் அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது.

ஆக, லண்டன் கடை அலமாரியில் முட்டை நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அதன் பின்னால் கழுவாத ஓடு இருக்கிறது, தடுப்பூசி போட்ட கோழி இருக்கிறது, பண்ணையையும் தேதியையும் சொல்லும் முத்திரை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஊர்க் குளிர் இருக்கிறது. அங்கே அறைவெப்பம் என்று சொன்னால் 18, 20 டிகிரி. இத்தனைக்குப் பிறகும், முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனதும் குளிர்ந்த உலர்ந்த இடத்தில், முடிந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்றுதான் அந்த நாட்டு முகமையே சொல்கிறது. கடை அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து சொல்பவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம்.

நாமக்கல் வட்டாரத்தில் மட்டும் தினமும் ஐந்து கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது. பெரும்பாலானவை ஒயிட் லெகார்ன் வழிவந்த கூண்டுக் கோழிகளின் வெள்ளை முட்டைகள். அட்டைகளில் அடுக்கி லாரியில் ஏற்றி, கேரளாவுக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போகிற நாமக்கல் முட்டை குளிர்ப்பெட்டகத்தில் கப்பலேறுகிறது. நம் தெருக் கடைக்கு வருகிற நாமக்கல் முட்டை தார்ப்பாய் போட்ட லாரியில் வருகிறது. சில்லறைக்கு வரும் முட்டை பெரும்பாலும் கழுவப்படாதது, எனவே பூச்சு இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நாம் ஐரோப்பியக் கட்சி. ஆனால் அந்த முட்டை எந்தப் பண்ணை, எந்த நாள் இட்டது, அந்தக் கோழிக்கு என்ன தடுப்பூசி என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெயில் விஷயத்திலோ ஒப்பிடவே வேண்டாம்.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம்? வெண்கரு சாதாரணப் பொருளல்ல. அதில் லைசோசைம் என்ற புரதம் பாக்டீரியாவின் சுவரையே உடைக்கிறது. இன்னொரு புரதம் இரும்புச்சத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத கிருமி பெருக முடியாது. வெண்கருவுக்குள் ஓரிரண்டு சால்மோனெல்லா இருந்தாலும் பட்டினியாகவே கிடக்கும். கிருமிக்கு வேண்டிய சாப்பாடெல்லாம் மஞ்சள் கருவில் இருக்கிறது. அதற்கும் வெண்கருவுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. நாள் ஆக ஆக அந்தச் சவ்வு தளர்ந்து, மஞ்சள் கருவின் சத்து வெளியே கசியத் தொடங்கும். அதன் பிறகு கிருமி மளமளவென்று பெருகும். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், 20 டிகிரியில் வைத்த முட்டையில் சவ்வு இப்படித் தளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. 30 டிகிரிக்கு மேல் வைத்தால் அது வாரக் கணக்கில்லை, நாள் கணக்கு. 7 டிகிரிக்குக் கீழே சால்மோனெல்லாவின் பெருக்கம் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. அது செத்துவிடுவதில்லை, தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, அடுப்புதான் கொல்லும்.

சால்மோனெல்லா உள்ளே இருக்கும் முட்டை எத்தனைக்கு ஒன்று என்று அமெரிக்காவில் போட்ட ஒரு பழைய மதிப்பீடு, இருபதாயிரத்துக்கு ஒன்று என்கிறது. பயப்படத் தேவையில்லாத எண்தான். ஆனால் உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து கிருமி அப்படியே இருக்குமா, கோடிக்கணக்கில் பெருகுமா என்பதைத் தீர்மானிப்பது நம் சமையலறையின் சூடு.

கத்தரி வெயில் நாள்களில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் சமையலறையில் பகலில் 35 டிகிரி சாதாரணம். குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் வைக்கும் சூடு 37.5 டிகிரி. அதாவது மே மாதத்தில் நம் அடுப்பு மேடைக்கும் அடைக்கோழியின் வயிற்றடிக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். பண்ணை முட்டையில் இதனால் குஞ்சு உருவாகாது, ஏனென்றால் அந்தக் கூண்டுகளில் சேவல் கிடையாது. நாட்டுக்கோழி முட்டை அப்படியல்ல. சேவலோடு மேய்ந்த கோழியின் முட்டையில் கரு இருக்கும். 20, 21 டிகிரியைத் தாண்டினாலே அது மெல்ல அசையத் தொடங்கிவிடும். கிராமத்திலிருந்து ஆசையாகக் கொடுத்தனுப்பிய முட்டையை வெயில் காலத்தில் நாலைந்து நாள் வெளியில் வைத்துவிட்டு உடைத்தால் மஞ்சள் கருவில் செந்நரம்பு ஓடியிருப்பதைப் பார்த்து அருவருத்து, மொத்தத்தையும் கொட்டியவர்கள் உண்டு. அடைக்கு வைத்த முட்டை பாதியில் சூடு விட்டால் கூமுட்டையாகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சமையலறையில் பகலில் சூடேறி இரவில் ஆறுகிற நாட்டு முட்டைக்கு நேர்வதும் ஏறக்குறைய அதுதான். அதனால் நாட்டு முட்டை கையில் கிடைத்தால், வேறு எதற்கு இடமில்லாவிட்டாலும் அதற்கு ஃப்ரிட்ஜில் இடம் கொடுங்கள்.

கிருமியே இல்லாத முட்டையும் வெளியில் இருந்தால் வேகமாகக் கிழடாகிறது. துளைகள் வழியே ஈரமும் கரியமில வாயுவும் போய்க்கொண்டே இருக்கும். இட்ட அன்று வெண்கருவின் காரகாடித்தன்மை (pH) 7.6 அளவில் இருக்கும், பிறகு 9-ஐத் தாண்டிவிடும். கெட்டியாக நின்ற வெண்கரு நீர்த்துப்போகும். கல்லில் உடைத்து ஊற்றினால் மஞ்சள் கரு மேடாக நிற்காமல் தட்டையாகப் படுத்துவிடும், வெண்கரு தண்ணீராக ஓரம் வரை ஓடும். அறையில் ஒரு நாள் மூப்பு ஃப்ரிட்ஜில் ஒரு வார மூப்புக்குச் சமம் என்பது முட்டைத் தொழிலில் சொல்லிவரும் கணக்கு. இந்த மூப்பில் ஒரே ஒரு நன்மை உண்டு. அன்றைக்கு இட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெண்கருவும் பிய்ந்து வரும், ஒரு வாரம் ஆன முட்டை வழுவழுவென்று உரியும். முட்டைக் குழம்புக்குப் பழசும் ஆம்லெட்டுக்குப் புதுசும் எடுக்கும் வீடுகளில் இந்த ரசாயனம் கையாலேயே தெரிந்திருக்கிறது.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையும் இதையே சொல்கிறது. ஈரம் போகப் போகக் காற்றறை பெரிதாகும். அடியில் படுத்தால் புதுசு, நட்டுக்கொண்டு நின்றால் பழசு, மிதந்தால் மிகப் பழசு. ஆனால் அது முட்டையின் வயதைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அடியில் படுத்த முட்டையிலும் சால்மோனெல்லா இருக்கலாம். சோதித்த முட்டையைத் துடைத்துத் திரும்பவும் உள்ளே வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது, நனைந்த ஓட்டுக்குப் பூச்சின் காவல் குறைந்துபோகும்.

என் முடிவு வெளிப்படையானது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும், வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் முட்டை அதற்குள்தான் இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற ஊர்களுக்கு மட்டும் வேறு பேச்சு. அங்கே கழுவாத முட்டை குளிர்காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் வெளியில் தாராளமாக இருக்கும்.

ஆனால் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் அம்மாவின் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதவில் குழி விட்டிருப்பதால் அதுதான் இடம் என்று ஆகாது. நாளுக்கு எத்தனை முறை அந்தக் கதவு திறக்கிறது! தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு முறை, மாவுக்கு ஒரு முறை, குழந்தை சும்மா திறந்து பார்ப்பது பத்து முறை. ஒவ்வொரு முறையும் வெளியின் சூடும் ஈரமும் முதலில் படுவது கதவில் இருப்பவற்றின் மேல்தான். கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் மயிரிழை விரிசலும் விழும். உள் தட்டில், பின்பக்கமாக, மூடியுள்ள ஒரு டப்பாவில் வைப்பதே சரி. டப்பாவுக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. கழுவாத முட்டையின் ஓட்டில் எச்சத்தின் தடம் இருக்கலாம், அது கொத்தமல்லி மேலும் நறுக்கி வைத்த பழத்தின் மேலும் படக் கூடாது. இன்னொன்று, துளை வழியே வாசனையும் போகும். மீன் குழம்புக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் திறந்து வைத்த முட்டையில் கேக் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அகன்ற முனை மேலே, கூர்முனை கீழே. அப்போதுதான் காற்றறை மேலேயே இருக்கும், மஞ்சள் கரு நடுவில் நிற்கும்.

கழுவி வைக்காதீர்கள் என்று மேலே சொன்னேன். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, அதை முதலில் சமைத்துவிடுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் உடைப்பதற்குச் சற்று முன். முட்டையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது முட்டையைக் கழுவுவதைவிட முக்கியம். விரிசல் விழுந்ததை, கடைக்காரர் விலை குறைத்துக் கொடுத்தாலும், வாங்காமல் இருப்பதே நல்லது. வீட்டில் கீறிக்கொண்டால் உடனே உடைத்து மூடிய கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கோ மறுநாளோ நன்றாக வேகவைத்துவிடலாம்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன அந்த வியர்வை விஷயம். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை மேசையில் வைத்தால் ஒரு நிமிடத்தில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு வெளியில் விட்டுவைப்பதும், மறுபடி உள்ளே வைப்பதும், மாலையில் மீண்டும் வெளியே எடுப்பதும்தான் முட்டைக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். வெளியே எடுத்தது வெளியே போனதுதான். இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள், அடுப்பேறிவிட வேண்டும். அவிப்பதற்கு என்றால் கால் மணி நேரம் முன்பு எடுத்து வைத்தால் கொதிநீரில் வெடிக்காது, அதற்கு மேல் வேண்டாம். மின்தடை வந்தால் முட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் கதவைத் திறக்காமல் இருங்கள்.

எத்தனை நாள்? அமெரிக்க அரசின் கணக்கு ஃப்ரிட்ஜில் மூன்று முதல் ஐந்து வாரம். அது பிறந்த நாளிலிருந்து குளிரில் இருந்த முட்டைக்கு. நம்முடையது லாரியிலும் கடையிலும் சூட்டில் இருந்துவிட்டு வருகிறது. அதனால் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வாரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அவித்த முட்டை தனி. ஓட்டோடு இருந்தாலும் கொதிநீரில் அதன் பூச்சு போயிருக்கும், வெண்கருவின் காவல் புரதங்களும் வெந்திருக்கும். எனவே அது பச்சை முட்டையைவிட விரைவில் கெடும். ஓடு பாதுகாக்கும் என்று நம்பிக் காலையில் அவித்ததை இரவு வரை வெளியில் வைக்கக் கூடாது.

பச்சை முட்டைப் பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. பெண் வயதுக்கு வந்ததும் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் உடம்பு தேற வேண்டும் என்ற பாட்டியின் அக்கறையில் குறை ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்த முட்டை கொல்லைக் கோழி காலையில் இட்டது. இன்றைக்கு எங்கேயோ இட்டு, எத்தனையோ நாள் சூட்டில் பயணம் செய்தது. பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்பதும் சரியல்ல. 1998-ல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கு உடலில் செரித்தது, பச்சை முட்டையில் 50 சதவீதத்தை ஒட்டித்தான். சிறுசுகளுக்கு எது பலம் என்று அந்த எண்களே சொல்கின்றன. உடற்பயிற்சிக்கூடம் போகிற தம்பிகளுக்கும் இது பொருந்தும். மஞ்சள் கரு இறுகும்வரை, அதாவது ஏறக்குறைய 71 டிகிரி எட்டும்வரை, வெந்த முட்டையில் சால்மோனெல்லா தப்பாது. ஆஃப் பாயிலில் தப்பும்.

பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததும் இதனால்தான். கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் அதற்கு முன்பே தடை செய்திருந்தன. ஷவர்மா கடையில் காலையில் அடித்து வைத்த மயோனைஸ் இரவு வரை வெளியில் நிற்கும்போது, ஒரே ஒரு முட்டையில் இருந்த கிருமி ஐம்பது பேரின் தட்டுக்குப் போகிறது.

இப்போது கடைக்காரரிடம் திரும்பலாம். அவர் ஏன் வெளியில் வைக்கிறார்? அவர் அட்டைகள் ஓரிரு நாளில் காலியாகிவிடுகின்றன, அதனால் அவருக்கு முட்டை கிழடாக நேரமில்லை. சத்துணவு மையங்களிலும் அப்படித்தான். 1989-ல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி 2010-ல் வாரம் ஐந்து நாள் என்று வளர்ந்த அந்த முட்டைத் திட்டம், ஃப்ரிட்ஜ் இல்லாத பள்ளிக்கூடங்களில்தான் நடந்துவருகிறது. வந்த முட்டை சில நாள்களுக்குள் முழுக்க வெந்து குழந்தைகளின் தட்டுக்குப் போய்விடுவதுதான் அங்கே பாதுகாப்பு. கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் முட்டை தங்குவதில்லை. நம் வீட்டில்தான் ஒரு அட்டை வாங்கி மூன்று வாரம் வைத்துக்கொள்கிறோம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு, அது புதிய வழியும் அல்ல. எங்கள் ஆச்சி முட்டைகளைக் குதிருக்குப் பக்கத்தில், நெல் பரப்பிய பானையில் கூர்முனை கீழாகச் செருகி வைப்பார். நெல் முட்டையைச் சூட்டின் ஏற்ற இறக்கத்திலிருந்து காத்தது. இதைவிட நல்லது ஈர மணல். வாயகன்ற மண்சட்டியில் மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் முட்டை வைத்த இன்னொரு சிறு பானையை இறக்கி, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். முட்டை நனையக் கூடாது, மணல் காயக் கூடாது. நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நாமக்கல், திருச்சி, மதுரை போன்ற காய்ந்த வெயிலில் இது நன்றாகவே குளிரும், ஐந்தாறு நாள் வைத்துக்கொள்ளலாம். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிராது. அங்கே ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் வெயில் காலத்தில் அட்டையாக வாங்காமல், இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும், காலையில் சரக்கு இறங்குகிற கடையாகப் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது.